நின்ற இடத்திலேயே செங்கல்பட்டு

விருத்தாசலத்தில் மண்ணைப் பீங்கானாக்குகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் குறைவே இல்லை. அச்சில் மண்கூழ் ஊற்றுகிறவர்கள், சூளை அடுக்குகிறவர்கள், பொம்மைக்குக் கண் எழுதுகிறவர்கள், ஊறுகாய் ஜாடிக்கு மெருகு பூசுகிறவர்கள் என்று ரயிலடிப் பக்கம் பூராவும் அவர்கள்தான். மண் சரியில்லை என்று அவர்கள் முறையிட்டதுண்டு. கரி வந்து சேரவில்லை, கொட்டகை ஒழுகுகிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை என்றெல்லாம் மனு எழுதிப் போட்டதுண்டு. எங்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று மட்டும் ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை. அரசாங்கம் மனுக்களையெல்லாம் பொறுமையாகப் படித்துப் பார்த்து, ஊக்கத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்தது.

அப்படிப் பிறந்ததுதான் வட்டாரப் பீங்கான் தொழிலாளர் ஊக்க வாரியம். அதற்கென்று சிவப்புச் சிமெண்டுத் தரை போட்ட ஒரு பெரிய கூடம் கட்டினார்கள். கூடத்தின் பின்னால், ஊக்குவிப்பதற்கு ஆள் வேண்டுமே என்பதற்காக, ஒரு பட்டறையும் இரண்டு சூளையும் வைத்தார்கள். பட்டறை ஒழுகியது. கூடம் ஒழுகவில்லை.

வாரியத்தின் தனி அலுவலர் கோதண்டபாணி சென்னையிலிருந்து வந்தவர். வெள்ளைவெளேரென்று முழுக்கைச் சட்டை போடுவார். மண் புழங்குகிற ஊரில் இத்தனை வெள்ளையாக ஒரு மனுஷன் இருக்கவேண்டுமென்றால் மண்ணிருக்கிற பக்கமே போகாமல் இருக்கவேண்டும். அவர் போனதில்லை. அறுபத்தொன்பதாம் வருஷம் அரசாங்கம் அவரை மேல்நாட்டில் ஒரு பீங்கான் ஊரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியது. அங்கே சூளை எப்படி எரிகிறது, அச்சு எப்படிச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. தொழிலாளர் மன்றத்தில் ஒரு மூலையில் நட்டு வைத்திருந்த சைக்கிளை மட்டும் பார்த்தார். அதில் ஒருவன் ஏறி மிதிமிதியென்று மிதித்தான், வியர்வையைத் துடைத்துக்கொண்டான், சிரித்தபடி இறங்கிப் போனான். சைக்கிள் இருந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

கோதண்டபாணிக்கு அன்று ஞானம் பிறந்துவிட்டது. ஊர் திரும்பியதும் பட்டறை ஆட்களையெல்லாம் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

"நம் தொழிலாளி ஏன் சோர்ந்து போகிறான்? சைக்கிள் இல்லாததாலா? இல்லை. அவனுடைய சைக்கிள் எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடுவதால்! சேருகிற இடம் என்று ஒன்று இருக்கிறவரை மனிதன் அந்த இடத்துக்காக மிதிக்கிறான். மிதிப்பதற்காக மிதிப்பதில்லை. எங்கும் போகாமல் எவன் உற்சாகமாக மிதிக்கிறானோ, அவன்தான் உண்மையான தொழிலாளி. நானே இந்த வாரியத்தில் நாலு வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன்."

தலைமை எழுத்தர் சாமிதுரை முதலில் கைதட்டினார். விதிமுறைகளை நெட்டுருப் போட்டவர் அவர். சிரிக்க வேண்டுமென்றாலும் விதி இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சிரிப்பார்.

திட்டத்துக்குச் சென்னையிலிருந்து அனுமதி வந்தது. நிலைச் சைக்கிள் ஊக்கத் திட்டம் என்று பெயர். சைக்கிளைத் தூக்கி நிறுத்தும் இரும்புத் தாங்கி வாங்கியாயிற்று. அதைத் தரையில் போல்ட்டு போட்டு முறுக்கியாயிற்று. திறப்பு விழாவுக்குத் தோரணமும் கட்டியாயிற்று. அப்புறம்தான் அனுமதியில் தாங்கி என்று இருக்கிறதே தவிர சைக்கிள் என்று இல்லை என்பதைச் சாமிதுரை கண்டுபிடித்தார். மாடு பிடிக்கும் முன்னே கயிறு திரித்த கதைதான். புதிதாகக் கேட்டு எழுதினால் வருவதற்கு இரண்டு வருஷம் ஆகும். விழாவோ மறுநாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கலியமூர்த்தி, விழாவுக்கு வேண்டிய டீக் கோப்பைகளைச் சாக்கில் கட்டி, தன் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். விதி யாரைத் தேடினாலும் ஏழையின் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும்.

கலியமூர்த்தி பட்டறையில் அச்சில் கூழ் ஊற்றுகிறவன். தினக்கூலி ஆள். நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லிச் சொல்லியே அவன் தலையில் இரண்டு நரை விழுந்துவிட்டது. ஸ்ரீமுஷ்ணம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து போகிற ஒரு கிராமத்தில் வீடு. ஊருக்குள் பஸ் வராது. அவன் பெண்சாதி கனகா முழுகாமல் இருந்தாள். போன பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்று, ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்து, பிள்ளை போனது. கனகா பிழைத்தது அவள் ஆயுசு கெட்டி என்பதால். "அடுத்த வாட்டி வலி எடுத்த ஒடனே இங்க தூக்கிக்கிட்டு வந்துடணும். காலந்தாழ்த்தினா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்று விருத்தாசலம் பெரிய ஆஸ்பத்திரி நர்ஸு அவனைப் பிடித்து உலுக்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்காகவே அவன் அந்தப் பழைய சைக்கிளை வாங்கினான். பின் காரியருக்கு இரும்புப் பட்டை அடித்துக் கெட்டிப்படுத்தி, சாக்கில் பஞ்சு திணித்து மெத்தை தைத்துப் போட்டிருந்தான்.

"யாருதுப்பா இந்தச் சைக்கிள்?" என்றார் கோதண்டபாணி.

"என்துதாங்க."

"ஓட்டத் தெரியுமா?"

இது என்ன கேள்வி என்று புரியாமல், "தெரியுமுங்க" என்றான் கலியமூர்த்தி.

"தேர்வு ஆகிவிட்டாய்" என்று அவன் தோளில் தட்டினார் அவர்.

அவன் டீக் கோப்பைகளை எண்ணி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சைக்கிளைத் தாங்கியில் ஏற்றி முறுக்கிவிட்டார்கள். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் வாரியத்தின் எண் எழுதியாயிற்று. எண் எழுதிவிட்டால் அது அரசாங்கச் சொத்து என்றார் சாமிதுரை. இவருடைய வேட்டியில் ஒரு எண்ணை எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று கலியமூர்த்திக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"எப்பங்க திருப்பிக் குடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"நோக்கம் நிறைவேறியதும்" என்றார் கோதண்டபாணி.

பட்டறையில் கூட வேலை பார்க்கிற தங்கராசுவிடம் போய்ப் புலம்பினான். தங்கராசு சூளை அடுக்குகிறவன், வாயாடி. அவனே அன்று வாயை அடக்கித்தான் பேசினான். "கையெழுத்துப் போடுற கைடா அது. கடிச்சி கிடிச்சி வச்சிடாத. ரெண்டு மாசம் மிதி. நெரந்தரம்னு ஒரு வார்த்த வாங்கிக்க. கனகாவுக்கு இன்னும் நாள் கெடக்குதுல்ல?"

கலியமூர்த்தி மிதிக்க ஆரம்பித்தான்.

காலையில் கொஞ்சம் கூழ் ஊற்றிவிட்டுக் கூடத்துக்கு வரவேண்டும். ஏறுவதற்கு முன்னால் உறுதிமொழி. 'எங்கும் போகமாட்டேன், எதற்கும் சோரமாட்டேன்' என்று சாமிதுரை சொல்ல அவன் திருப்பிச் சொல்லவேண்டும். பிறகு எதிரே இருக்கிற வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி மிதிக்கவேண்டும். செக்குமாட்டுக்காவது சுற்றிவர ஒரு வட்டம் உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை. நாலாம் நாள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே ஹாண்டில்பாரில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான். கால்கள் மட்டும் தம் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தன.

ஊக்கம் குன்றிவிட்டது என்று வாரியம் அவசரமாகக் கூடியது. மிதிக்கிறவனை உற்சாகமாக வைத்திருப்பது எப்படி என்று பகல் முழுக்க யோசித்தார்கள். வேலையை விட்டு இறக்கி வீட்டுக்கு அனுப்பினால் உற்சாகமாக இருப்பான் என்பது மட்டும் அத்தனை மூளைகளில் ஒன்றுக்கும் தட்டவில்லை. சுவர் சலிப்பாக இருக்கிறது, காட்சி வேண்டும் என்று முடிவாயிற்று. நீளமான காடாத் துணியில் ரோடு, பனைமரம், ஏரி, ஒரு கோயில், புல் மேய்கிற ஒரு பசு எல்லாம் எழுதி, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து, இரண்டு உருளைகளில் மாட்டினார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கைப்பிடி போட்டுச் சுற்றுவார்கள். காட்சி நகரும். பசு வரும், போகும், மறுபடி வரும். கலியமூர்த்திக்கு அந்தப் பசுவின் மேல் வந்த வெறுப்பு சொந்தப் பங்காளி மேல்கூட வந்ததில்லை.

காட்சி இருக்கிறது, காற்று இல்லை என்றார்கள். விசிறி வந்தது. கரண்டு போகிற நேரத்தில் முறத்தால் வீச ஓர் ஆள் வந்தான். காற்று இருக்கிறது, ஜனம் இல்லை என்றார்கள். பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து இரண்டு பக்கமும் நின்று கைதட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இவர்கள் இங்கே கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே சூளை பார்க்க ஆளில்லாமல் சூடு ஏறி, பிள்ளையார் பொம்மை அடுக்கு ஒன்று முழுக்க உருகி, பிள்ளையாரெல்லாம் ஒருவர் மடியில் ஒருவர் படுத்துவிட்டார்கள். தங்கராசு அதில் ஒன்றைக் கொண்டுவந்து கோதண்டபாணியிடம் காட்டினான்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொருள் உருகலாம், உள்ளம் உருகக்கூடாது" என்றார். அந்த வாசகத்தை அன்றே பெரிதாக எழுதிக் கூடத்தில் மாட்டினார்கள்.

அடுத்து வந்ததுதான் வரைபடம். மிதிக்கிறவனுக்கு முன்னேற்றம் தெரியவேண்டும் என்று சாமிதுரை கண்டுபிடித்த யோசனை அது. சக்கரத்தில் மீட்டர் மாட்டி, அது காட்டுகிற தூரத்துக்கு ஏற்ப, விருத்தாசலத்திலிருந்து சென்னைக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்னக் கொடியை நகர்த்திக்கொண்டே போனார்கள். எங்கும் போகாமல் மிதிப்பதுதானே திட்டத்தின் பெருமை என்று யாரும் கேட்கவில்லை. உளுந்தூர்பேட்டையை அவன் அடைந்த அன்று கூடத்தின் மூலையில் பெஞ்சு போட்டு உளுந்தூர்பேட்டை டீக்கடை திறந்தார்கள். கோதண்டபாணி மாலை போட்டார். "எப்படி இருக்கிறது உளுந்தூர்பேட்டை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நல்லாருக்குதுங்க" என்றான் கலியமூர்த்தி. வேறு என்ன சொல்வான்?

வழியில் ரயில்வே கேட்டு ஒன்று உண்டு என்பது சாமிதுரைக்கு ஞாபகம் வந்தது. கேட்டு என்று இருந்தால் மூடவேண்டும். ஒரு மூங்கிலை எடுத்துவந்து சைக்கிளுக்கு முன்னால் குறுக்கே பிடித்தார். இல்லாத ரயில் போய் முடிகிறவரை கலியமூர்த்தி பெடலில் கால் வைத்தபடி காத்திருந்தான். அது கூட்ஸு வண்டி போலிருக்கிறது. வெகுநேரம் போயிற்று.

விழுப்புரம் தாண்டியதும் ஒரு புதிய சங்கடம் முளைத்தது. விழுப்புரத்தில் இருக்கிறவன் விருத்தாசலம் பட்டறையில் எப்படிக் கூழ் ஊற்றமுடியும்? இரண்டு இடத்தில் ஒரே ஆள் இருந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று சாமிதுரை, பட்டறை வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வெளியூர்' என்று எழுதினார். அன்றிலிருந்து கலியமூர்த்தி காலையில் பட்டறைக்குள் வந்தால், "வெளியூர் ஆள் உள்ள வரக்கூடாது" என்று வாட்ச்மேன் பழமலை கையை நீட்டி மறிப்பார். அவரும் கலியமூர்த்தியும் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள்.

"அண்ணே, நான்தாண்ணே, கலியமூர்த்தி."

"தெரியுதுடா தம்பி. ஆனா நீ திண்டிவனத்துல இல்ல இருக்கிற? எனக்கு வேல போயிரும்டா."

சாயங்காலம் ஆனால் திண்டிவனத்திலிருந்து இறங்கி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, புழுதியில் ஊருக்கு நடப்பான். நாளெல்லாம் சைக்கிள் மிதித்த கால் வீட்டுக்கு நடக்க மறுக்கும். பாதி வழியில் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிடுவான். வீட்டில் கனகா முதலில் சிரிக்கத்தான் செய்தாள். "இன்னிக்கி எந்த ஊருக்குப் போய் வந்தீங்க? எனக்குப் பூ கீ வாங்கியாந்தீங்களா?" என்பாள். வயிறு பெரிசாக ஆகச் சிரிப்பு நின்றுபோனது.

"அந்த சைக்கிள எதுக்கு வாங்கனீங்க?" என்றாள் ஒருநாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி.

"ஒனக்காவத்தான்."

"அப்ப வலி வந்தா என்னை எது மேல ஏத்திக்கிட்டுப் போவீங்க? துணியில எழுதி வச்சிருக்காங்கன்னீங்களே, அந்த மாட்டு மேலயா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆண்பிள்ளையாய்ப் பிறந்து, தன் சைக்கிளைத் தானே கேட்டு வாங்க வக்கில்லாமல் போயிற்றே என்று அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக வந்தது.

மறுநாள் துணிந்து கோதண்டபாணியின் அறைக்குப் போனான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கனகாவுக்கு மாசம் ஆகிவிட்டது, போன தடவை இப்படி இப்படி ஆனது, சைக்கிளை மட்டும் கொடுத்துவிடுங்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அடுத்த நாளே கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்று சொன்னான்.

கோதண்டபாணி முழுக்கக் கேட்டார். கேட்பதில் அவரைக் குறை சொல்லமுடியாது. "கலியமூர்த்தி, நீ சாதாரண ஆள் இல்லை இப்போது. அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. நீ செங்கல்பட்டைத் தொடுகிற காட்சியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்கள் திருப்தியாகிவிட்டால் உன்னை நிரந்தரம் ஆக்குவது என் பொறுப்பு. உன் மனைவி உனக்கு மட்டும்தான் மனைவி. நீயோ மாவட்டத்துக்கே முன்மாதிரி. எது பெரிது, நீயே சொல்."

அவன் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஆய்வுக் குழு வந்த நாளன்று கூடம் முழுக்கக் காகிதக் கொடி. சென்னையிலிருந்து வந்த மூன்று அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். துணி சுற்றியது. பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள். கலியமூர்த்தி உறுதிமொழி சொல்லி ஏறி, செங்கல்பட்டை நெருங்கிக்கொண்டிருந்தான். கொடியைக் குத்துவதற்குக் கோதண்டபாணி கையில் எடுத்தபோது, வெளிக் கேட்டில் சத்தம் கேட்டது.

கனகாவின் தாயார் கொளஞ்சியம்மாள். ஊரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, மறித்த பழமலையைத் தள்ளிவிட்டு, தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் கூடத்துக்குள் நுழைந்தாள்.

"மாப்ள! பனிக்கொடம் ஒடஞ்சிப்போச்சி மாப்ள! வெடியக்காலமே வலி எடுத்துக்கிச்சி. ஊர்ல ஒரு வண்டி இல்ல, அத்தினி வண்டியும் கரும்பு ஏத்திக்கிட்டுப் பெண்ணாடம் ஆலையில போயி வரிசையில நிக்கிது. சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடியாங்க!"

கலியமூர்த்தி கீழே குதித்தான். பின் சக்கரத்துப் போல்ட்டை வெறுங்கையால் திருகினான். விரலில் ரத்தம் வந்ததே தவிர போல்ட்டு அசையவில்லை.

"ஸ்பேனரக் குடுங்க சார்! சார், ஸ்பேனரு!"

ஸ்பேனர் கோதண்டபாணியின் பீரோவில் இருந்தது. அவர் ஆய்வுக் குழுவைப் பார்த்தார், அப்புறம் சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை எழுந்து நின்றார்.

"லீவு கேக்கணும்னா தலைமையிடத்துல இருந்துதான் கேக்கணும். நீ இப்ப செங்கல்பட்டுப் பக்கத்துல இருக்கிற. வெளியூர்ல இருக்கிறவனுக்கு இங்கருந்து லீவு குடுக்க விதி இல்ல. மொதல்ல விருத்தாசலம் வந்து சேரு. வந்து, எழுதிக் குடு."

கேட்டுக்கொண்டிருந்த ஜனம் இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றது. கோதண்டபாணி மட்டும் உருகிப்போனார். "நானும் பிள்ளை குட்டிக்காரன்தான்" என்று ஆய்வுக் குழுவிடம் திரும்பிச் சொன்னார். "மனிதாபிமான அடிப்படையில் ஒரு சலுகை தருகிறேன். முழுத் தூரமும் மிதிக்க வேண்டாம். துணி ஒரு சுற்று வந்தால் ஓர் ஊர் கடந்ததாக வைத்துக்கொள்ளலாம். டீக்கடையிலும் நிற்க வேண்டாம்."

கலியமூர்த்தி செய்த தப்பு இங்கேதான். எத்தனையோ மாசம் இவர்கள் கையில் இருந்தவன் அவன். இவர்களிடம் சண்டை போட்டு ஜெயிப்பதைவிடச் சொன்னதைச் செய்து முடிப்பதுதான் சீக்கிரம் என்று பழகிப்போயிருந்தான். சூளைக்கு ஓடி ஒரு ஸ்பேனரைத் தேடலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வேகமாக மிதித்தால் வேகமாக விடுவார்கள் என்றுதான் தோன்றியது. ஏறி உட்கார்ந்தான்.

துணியைப் பின்னோக்கிச் சுற்றினார்கள். பசு வால் பக்கமாக நடந்து வந்தது. கலியமூர்த்தி மிதித்தான். அப்படி ஒரு மிதியை அந்தக் கூடம் கண்டதில்லை. தாங்கி கடகடவென்று ஆடியது, சங்கிலி சூடேறி எண்ணெய் புகைந்தது. வாயில் நுரை தள்ள, கண்ணில் நீர் வழிய, "திண்டிவனம் ஆச்சா சார்? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தான். துணி சுற்றுகிறவர்களுக்குக் கை ஓடவில்லை.

"அட பாவிங்களா!" என்று கொளஞ்சியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "அங்க என் பொண்ணு துடிக்கிறாடா! இவன நின்ன எடத்துல ஓட வுட்டு வேடிக்க பாக்கிறீங்களேடா! நீங்கள்லாம் பொம்பள வயித்துலதான் பொறந்தீங்களா?"

பட்டறை ஆட்கள் கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் மட்டும் கைதட்டல் ஓயவில்லை. ஆய்வுக் குழுவின் தலைவர் வியந்துபோய்க் கோதண்டபாணியின் காதருகே குனிந்தார். "எந்த மாவட்டத்திலும் இவ்வளவு ஊக்கத்தை நான் பார்த்ததில்லை. என்ன முறையைக் கையாளுகிறீர்கள்?"

"குடும்பச் சூழ்நிலை, சார்" என்றார் கோதண்டபாணி அடக்கமாக.

"அருமை. மற்ற மாவட்டங்களுக்கும் இதை ஏற்பாடு செய்யமுடியுமா?"

"ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கிற குடும்பங்களாகப் பார்த்துத் தேர்வு செய்யவேண்டியிருக்கும், சார்."

விழுப்புரம் போயிற்று. உளுந்தூர்பேட்டை போயிற்று. விருத்தாசலம் ஒரு சுற்றில் இருந்தது. அப்போது சாமிதுரை, பழக்க தோஷம், மூங்கிலை எடுத்துச் சைக்கிளுக்கு முன்னால் நீட்டினார்.

"கேட்டு" என்றார். "ரயில் போகட்டும்."

தங்கராசு அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன். பாய்ந்து வந்து மூங்கிலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தான். "ஒங்க ரயில்ல இடி வுழ!" என்று கத்திவிட்டுச் சூளைப் பக்கம் ஓடினான். பெரிய ஸ்பேனரோடு திரும்பி வந்து, ஒருவரையும் கேட்காமல் போல்ட்டுகளைக் கழற்றினான். ஆரம்பத்திலேயே இதைச் செய்திருக்கலாமே என்று அவன் அப்புறம் ஆயுசு பூரா நினைத்து நினைத்து மாய்ந்தான். கலியமூர்த்தி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அந்தச் சைக்கிள் அன்றுதான் தரையில் உருண்டது. ஆனால் அதை மிதிக்க வேண்டிய கால்கள் கூடத்திலேயே தீர்ந்துபோயிருந்தன. மேட்டில் ஏற முடியாமல் இறங்கித் தள்ளினான். தொடை இழுத்துக்கொண்டு ரோட்டில் ஒரு முறை விழுந்தான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கனகாவைக் காரியரில் உட்காரவைத்து, அண்டைவீட்டுத் திரௌபதி பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவர, ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஆண் பிள்ளை. நல்ல வளர்த்தி. தலைமுடி கருகருவென்று இருந்தது. மூச்சு இல்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்றாள் நர்ஸு. திட்டவில்லை, அப்படியே சுவரோரம் நின்றுவிட்டாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

மறுநாள் கோதண்டபாணியும் சாமிதுரையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கையில் ஆப்பிள் பொட்டலம். கனகா கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கலியமூர்த்தி கீழே உட்கார்ந்திருந்தான்.

"கேள்விப்பட்டோம். வருத்தமாக இருக்கிறது" என்றார் கோதண்டபாணி. அதற்கு வேண்டிய நேரம் வருத்தமாக இருந்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டார். "ஆனால் ஒரு நல்ல செய்தி. ஆய்வுக் குழு அசந்துபோய்விட்டது. உன்னை நிரந்தரம் ஆக்கியாகிவிட்டது. நிலைச் சைக்கிளுக்கு நிரந்தரமாக. மாநிலத்திலேயே இப்படி ஒரு பதவி உனக்குத்தான் முதலில். சைக்கிளை மட்டும் திங்கட்கிழமை கொண்டுவந்து மாட்டிவிடு. எண் எழுதின பொருள், வெளியே நிற்கக்கூடாது."

கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். சாமிதுரை பேனாவைத் திறந்தார்.

"அறிக்கைக்கு ஒரே ஒரு விவரந்தான் வேணும்பா. கொழந்த எறந்தது நீ விருத்தாசலம் வந்து சேர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்னாடின்னா நீ வெளியூர் பணியில இருந்த கணக்கு, வாரியம் அனுதாபத் தீர்மானம் போடலாம். பின்னாடின்னா அது சொந்த விஷயமாயிடும். யோசிச்சி சொல்லு, அவசரமில்ல."

"முன்னாடின்னே எழுதுங்க" என்றார் கோதண்டபாணி பெருந்தன்மையாக. "பாவம், அவனுக்கும் ஒரு கௌரவம்."

கலியமூர்த்தி எழுந்து நின்றான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எந்த அதிகாரி முன்னாலும் அவன் வாயைப் பொத்தாமல் நின்றதில்லை. பழக்கத்தில் கை வாய் வரைக்கும் போனது. பாதியில் அதைக் கீழே விட்டான். தொண்டையின் அடியிலிருந்து காறி எடுத்து, கோதண்டபாணியின் வெள்ளைச் சட்டையின் நடுமார்பில் துப்பினான்.

கோதண்டபாணி குனிந்து சட்டையைப் பார்த்தார். அவர் பார்வை சாமிதுரையின் பக்கம் திரும்பியது. சாமிதுரையின் உதடுகள் அசைந்தன. இதற்கு ஒரு விதியும் கிடைக்காமல் மறுபடி மூடிக்கொண்டன.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கனகா திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இன்னொரு வாட்டி துப்புங்க."

அவன் துப்பினான்.